பெருவிரல் மடங்கும் வரை

கால் பெருவிரலுக்கு ஒரு கட்டுரையா என்று வாசகர்களில் சிலர் புன்னகைக்கக்கூடும். ஓராண்டுக்கு முன்புவரை நானும் அவ்வாறே புன்னகைத்திருப்பேன். எங்கள் உம்மா தொழுகையின் இருப்பில் வலப்பாதத்தை நட்டு, விரல்களை மடக்கி ஊன்ற இயலாமல், ஸலாம் கொடுத்த பின்னரும் முஸல்லாவை விட்டு எழாமல் கண்கலங்கி அமர்ந்திருந்ததைக் கண்ட அன்றுதான், அந்தச் சிறு விரலின் அருமை எனக்குப் புலப்பட்டது.

"எலும்பு சேந்துட்டுண்டு டாக்டர் சொல்லிட்டாரு மவளே. பின்னே ஏன் இந்த விரலு மரக்கட்டையாட்டம் நிக்குது?" என்று அவர்கள் கேட்டார்கள். அன்று அறுவை சிகிச்சை முடிந்து ஏழாவது வாரம். என்னிடம் விடையில்லை. அந்த விடையைத் தேடிச் சென்றபோது கற்றவையே இக்கட்டுரை. இதே வேதனையில் இருக்கும் தாய்மார்கள் நம் குடும்பங்களில் பலர் இருப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விரல் ஏன் சாய்கிறது?

மருத்துவர்கள் இதனைப் 'பனியன்' என்று சொன்னபோது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கொடியில் உலரும் பனியனுக்கும் இதற்கும் உறவு கிடையாது. பெருவிரல் இரண்டாம் விரலை நோக்கிச் சாய, அதன் அடியிலுள்ள முதல் பாத எலும்பு எதிர்ப்புறமாக விலக, இரண்டும் சேருமிடத்து மூட்டு, பாதத்தின் உள்விளிம்பில் முண்டு போலப் புடைத்து நிற்கும். 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்பது இதன் மருத்துவப் பெயர். புதிதாக ஓர் எலும்பு முளைத்துவிட்டதென்று பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது முளைத்ததன்று. இருந்த எலும்பே இடம் பெயர்ந்து வெளியே தெரிகிறது. ஆகவேதான் முண்டை மட்டும் செதுக்கி எறிந்தால் நோய் தீர்வதில்லை.

காலணிமீது பழிபோடுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. 1958ஆம் ஆண்டு ஹாங்காங்கில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், காலணி அணியும் சீனர்களில் 33 விழுக்காட்டினரிடம் இந்தச் சாய்வு காணப்பட்டது. காலணியே அணியாதவர்களில் அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இடைக்காலப் புதைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்ட 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட செய்தி இன்னும் சுவையானது. 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 விழுக்காட்டினருக்கே இக்குறை இருந்தது. கூர்முனைக் காலணி நாகரிகமாகப் பரவிய 14, 15ஆம் நூற்றாண்டுகளில் அது 27 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. அந்நாளில் செல்வர்களும் குருமார்களும் அழகென்று கருதி அணிந்ததன் விலையை அவர்களுடைய எலும்புகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன!

ஆனால் எங்கள் உம்மா வாழ்நாளில் கூர்முனைக் காலணி அணிந்தவர்கள் அல்லர். வீட்டில் வெறுங்கால், வெளியில் ரப்பர் செருப்பு. அவர்களுடைய தாயாருக்கும் இதே போன்ற பாதம் இருந்ததை நானே கண்டிருக்கிறேன். குடும்ப வழியாக வரும் பாத அமைப்புக்கும் இதில் பெரும் பங்குண்டு என்பது மருத்துவர்கள் ஏற்கும் உண்மை. பெண்களிடம் இது மிகுதி. எனவே, "செருப்பைப் பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?" என்று நோயாளியைக் கடிந்துகொள்வது எப்போதும் நியாயமாகாது.

தச்சரின் பொருத்து

வலி பொறுக்க முடியாமல் போய், நடையே குறைந்துபோன நிலையில்தான் அறுவைக்கு ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு காரணமும் இருந்தது. எட்டு மாதம் கழித்து உம்ராவுக்குச் செல்ல ஊர்க் குழுவினருடன் பெயர் கொடுத்து முன்பணமும் கட்டியிருந்தார்கள். தவாஃபும் ஸயீயும் வெறுங்காலால் பளிங்குத் தரையில் நடந்து முடிக்க வேண்டியவை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் மட்டும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

இந்நோய்க்கு நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை முறைகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. இத்தனை முறைகள் இருப்பதே, எல்லாருக்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை என்பதற்குச் சான்று. எங்கள் உம்மாவுக்குச் செய்தது 'ஸ்கார்ஃப்' என்னும் முறை. தச்சர்கள் இரண்டு உத்திரங்களை நீளவாட்டில் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்தும் இணைப்பின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். பாத எலும்பை இசட் எழுத்து வடிவில் நீளமாக அறுத்து, ஒரு பகுதியை இரண்டாம் விரலின் பக்கமாக நகர்த்தி, சிறு திருகாணிகளால் பிணைத்துவிடுகிறார்கள். திருகாணிகள் தொல்லை தராதவரை எடுக்க வேண்டியதில்லை. வேறு சிலருக்கு மூட்டையே அசையாதவாறு ஒட்ட வைத்துவிடும் அறுவை தேவைப்படும். அவர்களுக்கு அந்த மூட்டை மடக்கும் பயிற்சி கிடையாது, செய்யவும் கூடாது. இக்கட்டுரையைப் படித்துவிட்டு விரலை மடக்கத் தொடங்குமுன், தமக்குச் செய்யப்பட்ட அறுவை எது என்பதை மருத்துவரிடம் கேட்டறிவது முதற்கடமை.

முதல் இரண்டு வாரங்கள் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருப்பதே வேலை. இதயத்தின் மட்டத்துக்கு மேல் பாதம் இருக்க வேண்டும் என்றார்கள். தையல் பிரித்த பின்னரும், கனத்த அடிப்பாகம் கொண்ட வளையாத காலணி ஒன்றை அணிந்து, குதிகாலில் பாரம் தாங்கி, குளியலறைக்கும் கட்டிலுக்கும் மட்டும் நடக்கலாம். எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

இக்காலத்தில் உளூவும் தொழுகையும் எவ்வாறு என்ற கேள்வி எழுவது இயல்பு. கட்டு நனையக் கூடாது. கட்டில்லாத உறுப்புகளைக் கழுவி, கட்டின் மீது ஈரக்கையால் தடவிக்கொள்ள மார்க்கத்தில் அனுமதியுண்டு. ஷாஃபி மத்ஹபில் தயம்முமும் சேரும். மத்ஹபுகளுக்கிடையே விவரங்களில் வேறுபாடு இருப்பதால் அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம். நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதற்கும் இயலாவிடில் படுத்தும் தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு வழிகாட்டிய செய்தி நாமெல்லாம் அறிந்ததே. உம்மா இரண்டு மாதங்கள் நாற்காலியில் அமர்ந்து தொழுதார்கள்.

எலும்பு கூடியது, விரல் மடங்கவில்லை

ஆறாம் வாரம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. சாதாரணச் செருப்பு அணிந்து நடக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்று அந்த மருத்துவமனையில் எவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. கத்தி பிடித்த கை திறமையான கைதான். ஆயினும் அறுவை என்பது பாதி வேலை என்பதை நோயாளிக்குச் சொல்லாமல் விடுவது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

அடுத்த வாரம்தான் உம்மா தரையில் முஸல்லாவை விரித்துப் பார்த்து, மனமுடைந்து போனார்கள். மறுநாள் பக்கத்து நகரில் இயன்முறை மருத்துவம் செய்யும் ஓர் அம்மையாரிடம் அழைத்துச் சென்றேன்.

அவர் முதலில் விரலைத் தொடவில்லை. நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "வீட்டில் ஒளுச் செய்துவிட்டு ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நடந்து, பதியும் தடத்தைப் பாருங்களம்மா" என்றார். வீடு வந்து அவ்வாறே பார்த்தோம். இடக்காலின் தடத்தில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. வலக்காலின் தடத்தில் பெருவிரலுக்குரிய இடம் வெறுமையாக இருந்தது! பாதத்தின் வெளிவிளிம்பை மட்டும் ஊன்றி, பெருவிரலைத் தரையில் படாமல் காப்பாற்றிக்கொண்டே அவர்கள் நடந்திருக்கிறார்கள். வலிக்கு அஞ்சி உடல் தானாகக் கற்றுக்கொண்ட நடை அது. வலி நீங்கிய பின்னும் அந்தப் பழக்கம் நீங்குவதில்லை. அப்படியே விட்டால் இரண்டாம் விரலின் அடிப்பாகத்தில் பாரம் ஏறிப் புதுவலி பிறக்கும். முழங்காலும் இடுப்பும்கூடப் பிறகு முறையிடத் தொடங்கும்.

விரல் இறுகியதற்கான காரணத்தையும் அவரே விளக்கினார். சாய்ந்த விரலை நேராக்கும்போது மூட்டைச் சுற்றியுள்ள உறையை வெட்டி இறுக்கித் தைக்கிறார்கள். வாரக்கணக்கில் கட்டுக்குள் அசையாமல் இருக்கையில், காயம் ஆறும் தழும்புத் திசு அந்த உறையோடும் நாண்களோடும் ஒட்டிக்கொள்கிறது. வீக்கமும் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. பெருவிரல் மூட்டின் அடியில் முழங்கால் சில்லைப் போன்ற இரண்டு குட்டி எலும்புகள் உள்ளன. எள்ளை ஒத்தவை என்று பொருள்படும் பெயரை முன்னோர் அவற்றுக்கு இட்டிருக்கிறார்கள். அவை வழுக்கிச் செல்லாவிட்டால் விரல் மேல்நோக்கி மடங்காது.

மடங்காவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். குதிகால் தரையை விட்டு எழும் கணத்தில் பெருவிரல் மேல்நோக்கி வளைய வேண்டும். அவ்வாறு வளையும்போது, குதிகாலிலிருந்து விரல்வரை செல்லும் உள்ளங்கால் பட்டை இழுபட்டுப் பாத வளைவு உயர்ந்து கெட்டிப்படுகிறது. நங்கூரக் கயிற்றை உருளையில் சுற்றி இழுப்பதற்கு இதனை ஒப்பிட்டு, ஹிக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1954இல் எழுதினார். விரல் வளையவில்லையெனில் உருளை சுற்றுவதில்லை. பாதம் தளர்ந்தே கிடக்கும். உந்தி நடக்க வலுவிராது. நலமுள்ள பெருவிரல் 65 பாகைக்கு மேல் மேல்நோக்கி மடங்கும். சமதரையில் இயல்பாக நடக்க 40 முதல் 60 பாகை வரை தேவைப்படுகிறது. வலப்பாதத்தை நட்டு அமரும் நம் தொழுகை இருப்புக்கு அதனினும் அதிகம் வேண்டும். அதுவும் உடலின் பாரத்தோடு!

வீட்டில் பேத்தியின் ஜியோமெட்ரி பெட்டியில் இருந்த பாகைமானியை எடுத்து அளந்தேன். 15 பாகைதான் இருந்தது.

பயிற்சி

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். விரலின் நுனியைப் பிடித்து வளைத்தால் நகத்தருகே உள்ள சிறு மூட்டுத்தான் மடங்கும். இறுகிப்போன பெரிய மூட்டு அசையவே அசையாது. சரியான முறை வேறு. நாற்காலியில் அமர்ந்து, பாதத்தை மறு தொடைமீது வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கையால் மூட்டுக்குப் பின்னாலுள்ள பாத எலும்பை அசையாமல் பற்ற வேண்டும். மறு கையின் விரல்களால் பெருவிரலின் அடிப்பகுதியை, மூட்டை ஒட்டியே பிடிக்க வேண்டும். போத்தலின் தக்கையை உருவுவது போல மெல்ல முன்னோக்கி இழுத்து, இழுத்த நிலையிலேயே மேல்நோக்கி மடக்கிப் பத்து எண்ணும் வரை நிறுத்தி, விட வேண்டும். பிறகு அவ்வாறே கீழ்நோக்கி. பக்கவாட்டில், அதிலும் இரண்டாம் விரலின் பக்கம், தள்ளக் கூடாது.

ஒரே மூச்சில் அரைமணி நேரம் வதைப்பதைவிடச் சிறிது சிறிதாகப் பலமுறை செய்வது நன்று என்றார் அந்த அம்மையார். உம்மா ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பின்னும் பத்து முறை என்று வைத்துக்கொண்டார்கள். ஐந்து வேளையும் தவறவில்லை. மணி பார்த்துச் செய்யச் சொல்லியிருந்தால் இரண்டாம் நாளே மறந்திருப்பார்கள் என்பதை நான் அறிவேன்.

வலி எவ்வளவு பொறுக்கலாம்? இழுபடும் வலி இருக்கும். சற்று நேரத்தில் அடங்கிவிட வேண்டும். மறுநாள் காலையில் வீக்கமும் வலியும் கூடியிருந்தால் முந்தைய நாள் மிகுதியாகச் செய்துவிட்டோம் என்று பொருள். அன்று குறைத்துக்கொள்ள வேண்டும். காயம் முற்றிலும் மூடிய பிறகு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பின்மீது வட்டமாகவும் குறுக்காகவும் அழுத்தித் தேய்த்தால் ஒட்டிய தோல் விடுபடும். வெந்நீரில் பாதத்தை வைத்துவிட்டுப் பயிற்சி செய்வது சிலருக்கு இதமளிக்கும். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குன்றியிருந்தால் சூடு தெரியாமல் வெந்துவிடும். அவர்கள் வெந்நீர் பக்கமே போகாதிருப்பது நல்லது.

பிறர் கையால் மடங்குவது ஒன்று. தானாக மடங்குவது வேறொன்று. தரையில் துண்டை விரித்து விரல்களால் சுருட்டி இழுக்கச் சொன்னார். பேரனின் கோலிக்குண்டுகளை விரல்களால் கவ்விக் கிண்ணத்தில் போடச் சொன்னார். இதில் வீட்டுப் பிள்ளைகளும் போட்டிக்கு அமர்ந்துவிட்டதால் உம்மாவுக்கு அலுப்புத் தட்டவில்லை. மற்ற நான்கு விரல்களும் தரையில் இருக்கப் பெருவிரலை மட்டும் உயர்த்துவது எளிதென்று எண்ணாதீர்கள். நலமுள்ள என் காலுக்கே அது மூன்று நாள் கழித்துத்தான் வாய்த்தது.

நடையைத் திருத்தியதுதான் நெடிய வேலை. குதிகால் முதலில், பிறகு பாதம் முழுவதும், கடைசியாகப் பெருவிரலால் தரையைப் பின்னோக்கித் தள்ளிவிட்டுக் கால் எழ வேண்டும். சிறு சிறு அடிகளாக, வீட்டு முற்றத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு பழகினார்கள். பின்னர் மேசையைப் பற்றி இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்குதல். வியன்னா நகரில் இந்த அறுவை செய்துகொண்ட 30 பேருக்கு நான்காம் வாரத்திலிருந்து இத்தகைய பயிற்சியளித்து, பாதத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அளந்த ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தில் பெருவிரலும் அதன் அடிப்பகுதியும் தாங்கும் பாரம் கூடியிருந்தது. நான்காம் வாரத்திலேயே தொடங்கியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

ஒன்பதாம் வாரம் 25 பாகை. அதன்பின் மூன்று வாரம் ஒரு பாகைகூட ஏறவில்லை. உம்மா பாகைமானியைப் பார்க்கவே மறுத்துவிட்டார்கள். அந்நாளில் மீண்டும் எக்ஸ்ரே எடுத்து, திருகாணி மூட்டைத் தொடவில்லை, எலும்பு விலகவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். அது தேவையான செயல். எலும்பே தடுத்து நிற்கையில் பலவந்தமாக மடக்குவது கேடு. மூன்றாம் மாத முடிவில் மருத்துவர் இசைவு தந்த பிறகு, தலையணையை மடித்து அடியில் வைத்து ஸஜ்தாவில் விரல்களை ஊன்றத் தொடங்கினார்கள். தலையணை போர்வையாயிற்று, போர்வை மடித்த துப்பட்டியாயிற்று. நான்காம் மாதம் 45. ஆறாம் மாதம் 55.

மாலையில் பாதம் வீங்குவது ஆறு மாதம் வரையிலும், சிலருக்கு ஓராண்டு வரையிலும் நீடிக்கக்கூடும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சல், காயத்தில் சீழ், பரவும் சிவப்பு ஆகியவை கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கெண்டைக்கால் இறுகி வலித்து வீங்கினால், அதிலும் மூச்சுத் திணறல் சேர்ந்தால், இரத்தம் உறைந்திருக்கலாம். அது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாத நிலை.

55 பாகைக்கு மேல் ஏறவில்லை. இருப்பில் வலப்பாதம் முழுமையாக நட்டு நிற்பதில்லை, சற்றே சாய்கிறது. ஊர் ஆலிமிடம் கேட்டபோது, அந்த அமைப்பு ஸுன்னத்தே என்றும், இயலாதவர் இயன்றவாறு அமர்ந்தால் தொழுகைக்குக் குறைவில்லை என்றும் சொன்னார்கள். உம்மாவுக்கு அதன்பிறகே மனம் அடங்கியது.

உம்ராவுக்குச் சென்று வந்துவிட்டார்கள். தவாஃபை நடந்தே முடித்தார்கள். ஸயீயில் நான்கு சுற்று நடந்து, ஐந்தாவதில் பாதம் கனக்கவே, எஞ்சியதைச் சக்கர நாற்காலியில் நிறைவேற்றினார்கள். அதைப் பற்றிக் கேட்டால், "நாலு நடந்தேன்ல!" என்கிறார்கள்.

இடக்காலிலும் முண்டு இருக்கிறது. மருத்துவர் அதற்கும் அறுவை செய்யலாம் என்றார். வலி அதிகம் இல்லாததால் உம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. முன்பக்கம் அகன்ற, பின்வார் வைத்த செருப்பு ஒன்றைத் தேடி வாங்கினோம். மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்க வேண்டும் என்பது அந்த இயன்முறை மருத்துவர் சொன்ன யோசனை. இப்போது கோலிக்குண்டுக் கிண்ணம் இடக்காலுக்கும் வந்துவிட்டது.